பெட்டியில் 10 கிலோமீட்டர், ஆடிக் காற்றில் எவ்வளவு? மினி 2 ட்ரோனுடன் சில ஆண்டுகள்

டிஜேஐ மினி 2 ட்ரோனை 2021இல் வாங்கினேன். இன்றும் அதையே பறக்கவிடுகிறேன். பார்ப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு தூரம் போகும்?" என்பதுதான். விலையைக்கூட அதற்குப் பிறகுதான் கேட்பார்கள். பெட்டியில் அச்சிட்டிருக்கும் 10 கிலோமீட்டரைச் சொன்னால் கேட்டவர் மகிழ்ச்சியோடு போய்விடுவார். தென்காசி வட்டாரத்தில் ஆனி, ஆடி மாதங்களில் ட்ரோன் விட்டுப் பழகிய யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். இங்கே தூரத்தை முடிவு செய்வது, திரும்பி வரும் வழியில் எதிர்கொள்ள வேண்டிய காற்று. சிக்னலுக்கு இரண்டாம் இடம்தான்.

அந்த 10 கிலோமீட்டரை முதலில் பார்த்துவிடுவோம். அமெரிக்காவின் எஃப்சிசி விதி அனுமதிக்கும் அலைத் திறனில், தடையோ குறுக்கீடோ இல்லாத வெட்டவெளியில் கிடைக்கும் எண் அது. ஐரோப்பாவின் சிஇ விதிப்படி இதே கருவிக்குக் கொடுக்கப்பட்டிருப்பது 6 கிலோமீட்டர். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அமெரிக்காவில் சுமார் 400 மில்லிவாட், ஐரோப்பாவில் 100. திறன் கால்வாசியானால் தூரம் ஏறத்தாழ பாதியாகும் என்பது பள்ளி இயற்பியல். ஆக, அது ரிமோட்டின் பேச்சு எட்டும் தூரம். போன ட்ரோன் திரும்பி வருமா என்பது தனிக் கணக்கு.

அந்தக் கணக்கும் நிறுவனத்தின் குறிப்பேட்டிலேயே இருக்கிறது. 2250 மில்லியாம்பியர்-மணி பேட்டரியில் 31 நிமிடம் பறக்கும். ஆனால் அந்த 31 நிமிடம் காற்றே இல்லாத இடத்தில், நொடிக்கு 4.7 மீட்டர் வேகத்தில் அளந்தது. பெருக்கிப் பாருங்கள்: 9 கிலோமீட்டர்கூட வரவில்லை. அதுவும் போக வர மொத்தம். வேகமாக ஓட்டினால் தூரம் கூடும், நிமிடங்கள் குறையும். பேட்டரியைச் சொட்டு மிச்சமில்லாமல் தீர்ப்பவர் யாரும் இல்லை என்பதால், நான் 30 சதவீதத்தில் ட்ரோன் தலைக்கு மேலே வந்திருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்கிறேன்.

இனி காற்று. ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று இறங்கும் மாதங்களில் குற்றாலத்தில் சாரல் என்று ஊரே கூடும். அதே மாதங்களில்தான் சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூக்கிறது. ட்ரோன் வைத்திருப்பவர்கள் அனைவரும் அங்கே போவதும் அப்போதுதான். ஆடிக் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, 249 கிராம் நிச்சயம் பறக்கும். மினி 2 தாங்கும் காற்று நொடிக்கு 8.5 முதல் 10.5 மீட்டர் வரை என்கிறார்கள். மணிக்கு 31 முதல் 38 கிலோமீட்டர். அந்த அளவுக்குள் ட்ரோன் நிலையாக நிற்கும் என்பது உண்மைதான். படம்கூட ஆடாது. அதுதான் ஏமாற்றுகிறது. திரையில் காட்சி அசையாமல் தெரியும்போது, மேலே மோட்டார்கள் நான்கும் உயிரைக் கொடுத்து நிற்பது கீழே இருப்பவருக்குத் தெரியாது.

ஸ்போர்ட் மோடில் இதன் உச்ச வேகம் நொடிக்கு 16 மீட்டர், சாதாரண மோடில் 10. எதிர்காற்று நொடிக்கு 7 மீட்டர் என்று வையுங்கள். சாதாரண மோடில் தரைக்கணக்கில் கிடைப்பது 3 மீட்டர். இரண்டு கிலோமீட்டர் திரும்பி வர 11 நிமிடம். ஸ்போர்ட் மோடில் 9 மீட்டர் கிடைக்கும், நான்கு நிமிடத்துக்குள் வந்துவிடும்; ஆனால் பேட்டரி கண்ணெதிரே கரையும். போகும்போது இதே காற்று முதுகைத் தள்ளுவதால் இரண்டு கிலோமீட்டர் ஒன்றுமே இல்லாதது போலத் தோன்றும். இந்தக் காரணத்தால் நான் எப்போதும் காற்றை எதிர்த்துத்தான் முதலில் அனுப்புகிறேன். மேற்கே மலைப் பக்கம் போகட்டும். களைத்த பிறகு காற்றே வீட்டுக்குக் கொண்டுவந்து விடும். இந்த ஒரு பழக்கம் மற்ற எல்லா எச்சரிக்கைகளையும்விட அதிகமாகக் காப்பாற்றியிருக்கிறது.

தரையில் முகத்தில் படும் காற்றை வைத்து மேலே இருப்பதை ஊகிக்க முடியாது. 100 மீட்டர் உயரத்தில் அது ஒன்றரை மடங்கு இருக்கும், சில நாள் இரண்டு மடங்கும் இருக்கும். எனவே பலத்த காற்று என்ற எச்சரிக்கை திரையில் வந்தால் நான் உடனே செய்வது உயரத்தைக் குறைப்பது. மரங்களுக்குச் சற்று மேலே 40 மீட்டருக்கு இறங்கினாலே வேகம் கூடுவது எண்ணில் தெரியும். தானாகத் திரும்பி வரும் ஆர்டிஎச் வசதி நிதானமான வேகத்தில், உயரத்தை விடாமல் வரும். எதிர்காற்றில் அதை நம்பிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைவிட, ரத்து செய்துவிட்டு, தாழ்த்தி, ஸ்போர்ட் மோடில் நாமே ஓட்டி வருவது நல்லது. பேட்டரி குறைந்ததும் ட்ரோன் தானே திரும்பக் கிளம்பும் வசதியும் உண்டு. எதிர்காற்று திடீரெனக் கூடினால் அதன் கணக்கும் தவறும்.

உயரத்தைப் பற்றிப் பலருக்கும் ஒரு குழப்பம் இருக்கிறது. திரையில் தெரியும் எண், ட்ரோன் கிளம்பிய இடத்திலிருந்து காற்றழுத்தமானி கணக்கிடும் உயரம். கீழே இருக்கும் தரையைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. வயிற்றில் இருக்கும் உணரிகளுக்கும் பத்து மீட்டருக்கு மேல் பார்வை எட்டாது. சமவெளியில் இதனால் ஒரு தொல்லையும் இல்லை. குன்றுகள் நிறைந்த எங்கள் பக்கம் கதை வேறு. 90 மீட்டர் குன்றின் உச்சியில் நின்று கிளப்பி, வயலுக்கு மேலே கொண்டுபோனால், திரை 100 என்று காட்டும்போது ட்ரோன் தரையிலிருந்து 190 மீட்டரில் இருக்கும். விதி அனுமதிக்கும் 120 மீட்டரைத் தாண்டியாயிற்று, திரையோ அமைதியாக இருக்கிறது. அந்த வயலின் மேல் 100 மீட்டரில் நிற்க வேண்டுமானால் திரையில் 10 தெரிய வேண்டும்.

அடிவாரத்திலிருந்து கிளப்புவது இதைவிட ஆபத்தானது. குன்றின் மறுபுறம் போன ட்ரோனுக்கு சிக்னல் அறுந்தால், அது நாம் முன்பே அமைத்துவைத்த ஆர்டிஎச் உயரத்துக்கு ஏறி, கிளம்பிய இடத்தை நோக்கி நேர்கோட்டில் வரும். சிக்னல் ஏன் அறுந்தது? குன்று நடுவில் இருப்பதால். நேர்கோடு எதன் வழியாகப் போகிறது? அதே குன்றின் வழியாக. ஆர்டிஎச் உயரம் 60 என்று வைத்திருந்தால், பாறையில் போய் மோதுவதற்கு ட்ரோன் எந்தத் தயக்கமும் காட்டாது. மினி 2க்கு முன்பக்க உணரி கிடையாது. அதனால் கிளப்பும் முன் நாலாபுறமும் பார்த்து, போகும் திசையில் உயரமானது எதுவோ அதற்கு மேல் 20 மீட்டர் கூட்டி ஆர்டிஎச் உயரத்தை மாற்றுகிறேன். இடம் மாறினால் எண்ணும் மாற வேண்டும். ஒருமுறை வைத்துவிட்டு மறந்துவிடும் அமைப்பு அல்ல இது.

பாதுகாப்பான உயரம் எது என்று ஒரே எண்ணாகக் கேட்டால், எங்கள் சமவெளிக்கு 50 முதல் 70 மீட்டர் என்பேன். பனை 30 மீட்டர் வரை வளரும். செல்பேசிக் கோபுரங்களில் பெரும்பாலானவை 50க்குள் முடிந்துவிடும். தென்காசிக் கோயில் கோபுரம் ஏறத்தாழ 180 அடி, அதாவது 55 மீட்டர். 120 மீட்டர் என்பது அந்தக் கோபுரத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அவ்வளவு உயரத்திலிருந்து எடுத்த படத்தில் வயல்கள் வெறும் வரைபடமாகிவிடும், ஆட்கள் புள்ளியாகிவிடுவார்கள். படத்துக்காகவும் 60 மீட்டர்தான் அழகு. காற்றாலைப் பக்கம் மட்டும் இந்த எண் செல்லாது. கயத்தாறு, முப்பந்தல் பகுதிகளில் பழைய காற்றாலைகள் குட்டையானவை, புதியவற்றின் இறக்கை நுனியோ 120 மீட்டரைத் தாண்டும். அவற்றின் பின்புறம் காற்று சுழன்று கிடக்கும். உயரம் கூட்டியும் தப்ப முடியாது, விலகியிருப்பதுதான் வழி.

மின்கம்பிகளை ட்ரோனின் கேமராவில் பார்த்துவிடலாம் என்று நம்ப வேண்டாம். வயல்களைக் குறுக்கே வெட்டிப் போகும் டவர் லைனைக் கடக்க வேண்டுமென்றால், இரண்டு டவருக்கு நடுவில் கடக்காமல் டவரின் நேர் மேலே கடக்கிறேன். டவர் கண்ணுக்குத் தெரியும். கம்பி டவரின் உச்சியைவிட உயரத்தில் இருக்காது. சமதரையில் இது தவறியதில்லை.

சிக்னலுக்கு வருகிறேன். மருத மரங்கள் நிறைந்த குளக்கரையில் நின்று, தாழப் பறக்கவிட்டால் ஒரு கிலோமீட்டருக்குள்ளேயே படம் திக்கும். ரிமோட்டும் ட்ரோனும் ஒன்றையொன்று பார்த்தால் மட்டும் போதாது, நடுவழியில் கொஞ்சம் காலி இடமும் வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் இரண்டு கிலோமீட்டர் தூரத்துக்கு அந்த இடைவெளி நடுப்பகுதியில் சுமார் 8 மீட்டர் ஆரம். தோப்பின் தலையை உரசிக்கொண்டு பறக்கும்போது அது அடைபட்டுவிடும். இன்னொன்று, இந்த ரிமோட்டின் ஆன்டெனா போனைப் பிடிக்கும் பகுதிக்குள் இருக்கிறது. அதன் தட்டையான முகம் ட்ரோனைப் பார்த்திருக்க வேண்டும். நுனியை ட்ரோனை நோக்கித் துப்பாக்கி போல நீட்டுபவர்களைப் பார்க்கிறேன். சிக்னல் மிகக் குறைவாகப் போகும் திசை அதுதான்.

இவ்வளவும் சொன்ன பிறகு, நான் உண்மையில் எவ்வளவு தூரம் அனுப்புகிறேன்? பெரும்பாலும் 400 மீட்டருக்குள். இறக்கைகளை விட்டால் ஒரு சாண் அகலம் உள்ள சாம்பல் நிறப் பொருள் அதற்கு மேல் கண்ணுக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் அதைச் சுற்றி என்ன வருகிறது என்பதும் தெரியாது. பருந்துகள் அதைத் தங்கள் எல்லைக்குள் வந்த எதிரியாகவே பார்க்கின்றன. பருந்து நெருங்கினால் கீழே இறக்கக் கூடாது, நேர் மேலே ஏற்ற வேண்டும். பாய்ந்து இறங்கும் அளவுக்கு வேகமாகப் பருந்தால் ஏற முடியாது, ஸ்போர்ட் மோடில் ட்ரோன் நொடிக்கு 5 மீட்டர் ஏறும். ஆனால் பருந்து வருவதைப் பார்த்தால்தானே ஏற்ற முடியும்? வற்றிய குளத்தின் மறுகரை வரை அனுப்ப வேண்டிய நாட்களில் என் மைத்துனர் அந்தக் கரையில் நின்று வானத்தைப் பார்த்துக்கொள்வார். போனில் பேசிக்கொண்டே ஓட்டுவேன். அவர் வராத நாளில் மறுகரையும் கிடையாது.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2021 ஆகஸ்ட் மாத ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை நானோ வகை. ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டாம், ஆனால் பதிவு எண் வேண்டும். அரசின் வான்வெளி வரைபடத்தில் பச்சையாகக் காட்டப்படும் பச்சை மண்டலத்தில் 400 அடி வரை அனுமதி தேவையில்லை. விமான நிலையத்திலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை அந்த உச்சி 200 அடி. எடை குறைவு என்பதால் எங்கும் விடலாம் என்ற பேச்சை நம்பாதீர்கள். மகேந்திரகிரி, கூடங்குளம் பக்கம் நினைத்தே பார்க்கக் கூடாது. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தில் வனத்துறை அனுமதியின்றி பையை விட்டே வெளியில் எடுக்கக் கூடாது. அந்த வான்வெளி வரைபடம் மாறிக்கொண்டிருப்பதால் கிளம்பும் நாளன்று பார்ப்பது வழக்கம். விதியில் இல்லாவிட்டாலும் செய்யக் கூடாத ஒன்றும் உண்டு: ஊருக்குள் வீடுகளின் கொல்லைப்புறத்துக்கு மேலே 30 மீட்டரில் கேமராவோடு சுற்றுவது. அதற்காக யாராவது வந்து சட்டையைப் பிடித்தால் நான் அவர் பக்கம்.

பேட்டரிகளுக்கு வயதாகிவிட்டது. புதிதாக இருந்தபோது காற்றில்லாத காலையில் 25 நிமிடத்துக்குக் குறையாமல் பறந்தது, இப்போது 20ஐ ஒட்டி நிற்கிறது. சித்திரை, வைகாசி மதியங்களில் எடுப்பதே இல்லை; குறிப்பேட்டில் உள்ள உச்ச வெப்பம் 40 டிகிரி. மொட்டை மாடியிலிருந்தும் கிளப்புவதில்லை, கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிகள் திசைகாட்டியைக் குழப்பும். இடையில் இணையத்தில் ஒரு மாற்று பேட்டரி வாங்கினேன். அது 35 சதவீதம் வரை ஒழுங்காகக் காட்டி, அதன்பின் படிக்கட்டில் உருள்வது போல இறங்கியது. தலைக்கு மேலேயே சோதித்ததால் ட்ரோன் பிழைத்தது. இறக்கைகளை மாற்றும்போது ஒரு மோட்டாருக்கான இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் அதிர்வு படத்தில் தெரியும்.

இப்போது புதிதாக வாங்க நினைப்பவர்கள் 2022 பிப்ரவரி முதல் வெளிநாட்டு ட்ரோன்களின் இறக்குமதி தடை செய்யப்பட்டிருப்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ரசீதும் பதிவும் இல்லாமல் கைமாறி வரும் பொருளுக்குப் பணம் கொடுப்பதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள். 2023இல் வந்த மினி 4 ப்ரோவில் எல்லாத் திசைகளிலும் தடையை உணரும் வசதி இருக்கிறது, சிக்னல் தூரமும் பெட்டியில் இரட்டிப்பாகியிருக்கிறது. அந்தத் தூரத்துக்காக மட்டும் என் மினி 2ஐ மாற்ற மாட்டேன். முன்பக்க உணரிக்காக மாற்றலாம் என்று குன்றுகளைப் பார்க்கும்போது தோன்றும்; மெல்லிய கம்பியை அதுவும் பார்க்காது என்பதால் டவரின் மேலே கடக்கும் பழக்கம் அதிலும் தொடர வேண்டியிருக்கும்.