பேட்டரியில் கையெழுத்துப் போடும் கடை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கைப்பேசி பழுது பார்க்கும் கடைகளுக்குப் பஞ்சமில்லை. இருந்தாலும் யாராவது கேட்டால், பேருந்து நிலையத்துக்குப் பின்வரிசையில் இருக்கும் இந்தச் சின்னக் கடைக்குத்தான் அனுப்புவேன்.

என் கைப்பேசியின் பேட்டரி வீங்கி, பின்மூடி தூக்கிக்கொண்டு நின்றது. கடைத் தம்பி பார்த்ததுமே அணைக்கச் சொன்னார். அவசரப்படாமல் மெல்லிய பிளாஸ்டிக் தகடு விட்டு நெம்பி எடுத்தார். புதிய பேட்டரியின் மேல் மார்க்கரால் தேதி எழுதி, பக்கத்தில் தன் கையெழுத்தையும் போட்டார். “மூணு மாசத்துக்குள்ள ஏதும் ஆனா என்கிட்ட வாங்க அங்கிள். சப்ளையர்கிட்ட நான் பேசிக்கிறேன்.” கூலியோடு 90 வெள்ளி.

தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன் நான். கணக்கு உதைத்தால் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் தலைதான் உருளும். தோட்ட நிர்வாகியான துரை அதற்குள் மாற்றலாகிப் போயிருப்பார். அதனால் இந்தக் கையெழுத்து எனக்குப் பெரிசாகப் பட்டது.

நான் காத்திருந்தபோது ஓர் அம்மா நோக்கியாவின் பழைய விண்டோஸ் போனான லூமியாவைக் கொண்டுவந்தார். வாட்ஸ்அப் வேண்டுமாம். அது 2019 டிசம்பரோடு விண்டோஸ் போன்களில் நின்றுபோனது என்று தம்பி சொல்லி, படங்களை மட்டும் எடுத்துக் கொடுத்து 10 வெள்ளி வாங்கினார். புதுசு வாங்கச் சொல்லி நச்சரிக்கவில்லை.

அந்த லூமியாவின் கதை தோட்டத்துக் கதையேதான். 2011-இல் நோக்கியாவை மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் பக்கம் திருப்பியவர் அதன் அப்போதைய தலைவர் ஸ்டீபன் ஈலோப். கைப்பேசிப் பிரிவை மைக்ரோசாஃப்ட் வாங்குவதாக 2013-இல் முடிவானபோது அவருக்கென்று அறிவிக்கப்பட்ட தொகை ஏறத்தாழ 18.8 மில்லியன் யூரோ. வாங்கியே தீருவேன் என்று நின்ற மைக்ரோசாஃப்ட் தலைவர் பால்மர் 2014 பிப்ரவரியில் பதவியை விட்டார். வாங்குவதை எதிர்த்து வாக்களித்து, பிறகு அவர் இடத்துக்கு வந்த சத்யா நாதெள்ளாதான் 2015-இல் 7.6 பில்லியன் டாலரை நட்டக் கணக்கில் எழுதினார். கூடவே 7,800 பேருக்கு வேலை போனது. ஈலோப்பும் அதற்கு முந்தின மாதம் விலகினார்தான், ஆனால் மடியில் கனத்தோடு.

சரி, கடைக்கு வருவோம். குறை இல்லாமல் இல்லை. மதியம் அறிவிப்பே இல்லாமல் கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போய்விடுகிறார். உட்கார ஒரே ஒரு நாற்காலி. கண்ணாடி மாற்றப் போகிறவர்கள் ஒரிஜினலா காப்பியா என்று கேளுங்கள்; இரண்டையும் மேசையில் வைத்து, காப்பியில் வெயிலில் எழுத்து மங்கும் என்று அவரே காட்டுவார்.