போனில் ஸ்டாக்ஃபிஷா, விரித்து வைத்த போர்டா?

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் இருந்துகொண்டு வாராவாரம் மதுரைக்கு செஸ் கோச்சிங் அனுப்ப எங்கள் வீட்டில் கட்டாது. அண்ணன் மகனுக்குப் பயிற்சி என்று வந்தபோது மிச்சம் இருந்தவை இரண்டு வழிகள்: போனில் ஸ்டாக்ஃபிஷ் (நகர்த்தல்களைக் கணக்கிட்டுச் சொல்லும் செஸ் மென்பொருள், அதாவது எஞ்சின்), இல்லை, எஞ்சினைத் தொடாமல் போர்டை விரித்து யோசிப்பது. நான் போர்டைத்தான் எடுத்தேன்.

ஸ்டாக்ஃபிஷின் பலத்தைச் சொல்லவே வேண்டாம். இலவசம், எங்கே காயைக் கோட்டை விட்டோம் என்று நொடியில் காட்டிவிடும். ஓப்பனிங் எனும் தொடக்க நகர்த்தல்களிலும் நடு ஆட்டத்து வெட்டுக்குத்திலும் அதோடு மல்லுக்கட்ட முடியாது. போர்டுக்கு ஒரு வினைல் விரிப்பும் பிளாஸ்டிக் காய்களும் போதும். (எங்கள் உப்புக்காற்றுக்குக் காந்தக் காய் செட் வேண்டாம் என்பது என் கட்சி.)

என்னை முடிவெடுக்க வைத்தது, யார் எவ்வளவு முன்னிலை என்று எஞ்சின் காட்டும் அந்த எண். 2017-இல் இயற்பியலாளர் ரோஜர் பென்ரோஸின் பென்ரோஸ் இன்ஸ்டிட்யூட் வெளியிட்ட செஸ் நிலையைப் பாருங்கள். வெள்ளைக்கு ராஜாவும் நாலு சிப்பாயும். கருப்புக்கு ராணி, இரண்டு யானை, மூன்று பிஷப், போதாததற்குச் சிப்பாய்கள். எஞ்சினைக் கேட்டால் கருப்பு எங்கேயோ முன்னால் போய்விட்டது என்று சொல்லும். ஆனால் ராணியும் யானைகளும் ஒரு மூலையில் சிப்பாய்களுக்கு நடுவே மாட்டிக் கிடக்கின்றன. வெள்ளை ஆசைப்பட்டு யானையை வெட்டாத வரை அவற்றுக்கு வழியில்லை. வெளியே சுற்றுபவை பிஷப்புகள் மட்டும், மூன்றும் கருங்கட்டத்தில் ஓடுபவை.

இதைப் போர்டில் வைத்ததும் பையன் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "சித்தப்பா, ராஜா வெள்ளைக் கட்டத்துலயே நடந்தா யாரு செக் வைப்பா?" அவ்வளவுதான் விடை. வெட்டும் இல்லாமல், சிப்பாயும் நகராமல் இருதரப்பும் 50 நகர்த்தல் ஓட்டினால் டிரா. எஞ்சினோ ஒவ்வொரு நகர்த்தலாக ஆழம் போய்க் காய்களை எடைபோடுகிறது. முப்பது நகர்த்தல் தள்ளிப் பார்த்தாலும் கருப்பின் காய்கள் அப்படியே இருக்கும், எண்ணும் கருப்பின் பக்கமே நிற்கும். 'இனி இங்கே எதுவும் நடக்காது' என்று மொத்தமாக ஒரு பார்வை பார்ப்பது அதற்குச் சிரமம். அந்த எண்ணை முதலில் பார்த்திருந்தால் பையன் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டான். தோற்ற ஆட்டம் என்று அடுத்ததற்குத் தாவியிருப்பான்.

1998-இல் ஸ்பெயினின் லினாரஸ் போட்டியில் கிராண்ட்மாஸ்டர் டோபலோவுக்கு எதிராக, கருப்புக் காய்களோடு கிராண்ட்மாஸ்டர் ஷிரோவ் ஆடிய 47-வது நகர்த்தலும் இந்த ரகம்தான். பிஷப்பை எச்3 கட்டத்தில் சும்மா தூக்கிக் கொடுத்தார். வெள்ளையின் ஜி2 சிப்பாய் அதை வெட்டினால், கருப்பு ராஜா எஃப்5 வழியாக இ4-க்கு வெள்ளை ராஜாவுக்கு முன்னே போய்விடும். அப்புறம் ஏ, டி வரிசைகளில் ஓடும் கருப்புச் சிப்பாய்களைத் தடுக்க முடியாது. அந்தக் காலத்து எஞ்சின்களுக்கு இது பிடிபடவில்லை. இன்றைய ஸ்டாக்ஃபிஷ் நேரம் கொடுத்தால் பிடித்துவிடும், அதையும் சொல்ல வேண்டும்.

பெரிய நியூரல் நெட்வொர்க்கில் ஓடும் இன்னொரு எஞ்சினான லீலா இத்தகைய நிலைகளில் தேவலாமா? முழு வேகத்தில் ஓட்ட நல்ல கிராபிக்ஸ் கார்டு வேண்டும், என்னிடம் இல்லை. அதனால் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

ஏழு காய்க்குள் அடங்கும் எண்ட்கேம் (கடைசிக் கட்ட ஆட்டம்) என்றால் சண்டையே இல்லை. சிசிஜி டேபிள்பேஸ் எனும், முன்பே கணக்கிட்டு வைத்த பட்டியலில் முடிவு கணக்காகவே இருக்கிறது, நேரே பார்த்துக்கொள்ளலாம். மற்றதற்கெல்லாம் பையன் போர்டில் முடிவையும் காரணத்தையும் சொன்ன பிறகுதான் போன் கைக்கு வரும். போட்டி நெருங்கும்போது மட்டும், ஓப்பனிங்குக்காக, இந்த வரிசை மாறும்.