பார்லி: தானியத்துக்கு மட்டுமா, ஒரு முறை தீவனத்துக்கு அறுத்துவிட்டுத் தானியமா?

ராஜஸ்தானின் வறண்ட பகுதிகளில் பார்லி ராபி (குளிர்காலப்) பருவப் பயிர். தானியத்துக்கு மட்டும் என்றால் வேலை குறைவு: நவம்பர் முதல் பாதியில் ஏக்கருக்கு 40 கிலோ விதை, இரண்டு மூன்று தண்ணீர், மார்ச் கடைசியில் அறுவடை.

தீவனமும் வேண்டுமென்றால் கவனம் கூட வேண்டும். ஆர்டி 2035, ஆர்டி 2715 போல வெட்டினாலும் தழைக்கிற ரகம் தேவை. அக்டோபர் கடைசியிலேயே விதைத்து, 50–55ஆம் நாளில் தரையிலிருந்து நாலு விரல்கடை விட்டு அறுக்க வேண்டும். தாளின் அடியை விரலால் நசுக்கிப் பாருங்கள். கணு கட்டியாகத் தட்டுப்பட்டால் கதிர்க்குருத்து மேலேறத் தொடங்கிவிட்டது. இன்னும் தள்ளி வெட்டினால் கதிரும் மாட்டு வாய்க்குத்தான். அறுத்த கையோடு தண்ணீர் விட்டு, ஈரம் காயுமுன் யூரியா போட வேண்டும். தாமதித்தால் மறுதழைவு பிந்தி, பால் பிடிக்கும் கதிர் மார்ச் வெயிலில் மாட்டி மணி சுருங்கும்.

தானியம் ஓரளவு குறையத்தான் செய்யும். மாடு இருக்கிற வீட்டில் டிசம்பர் பசுந்தீவனம் அதை ஈடுகட்டும். அறுத்தபின் பாய்ச்சத் தண்ணீர் உறுதி இல்லையா? அரிவாளை எடுக்காதீர்கள்.