சித்திரை லீவுக்கு ஒரு புத்தக அலுமாரி: ஸ்டோரிவீவர்

மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் நாளுக்கு ஆளுக்கொரு கதை என்று வைத்தால், சித்திரை லீவின் இரண்டு வாரத்துக்கே நாற்பது புத்தகங்களுக்கு மேல் வேண்டும். கொழும்பில் வெள்ளவத்தையிலும் செட்டியார் தெருவிலும் பயிற்சிப் புத்தகமும் புலமைப்பரிசில் பரீட்சை மாதிரி வினாத்தாளும் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. நல்ல படங்களோடு தமிழ்க் கதைப் புத்தகம் வேண்டுமென்றால் தேடித்தான் எடுக்க வேண்டும். அதிலும் இந்தியாவிலிருந்து வருபவை நாற்பது வாங்கும் விலையில் இல்லை. இந்த இடத்தில்தான் ஸ்டோரிவீவர் கை கொடுக்கிறது. பெங்களூரில் இயங்கும் இலாப நோக்கற்ற பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய இணையத்தளம் இது. தமிழ் உட்படப் பல மொழிகளில் படக்கதைகளை இலவசமாக வாசிக்கலாம், தரவிறக்கலாம், அச்சிடலாம், மாற்றியும் எழுதலாம். தமிழ் வாசிக்கப் பழகும் பிள்ளை உள்ள எந்த வீட்டுக்கும் இதைத் தயங்காமல் சிபாரிசு செய்யலாம். ஆனால் தெரிவு செய்வதில் கவனம் வேண்டும். தளத்தில் போட்டிருக்கும் படிநிலை எண்ணை அப்படியே நம்பினால் பிள்ளை இரண்டாம் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடும்.

படிநிலைகள் நான்கு. முதலாவது 250 சொற்களுக்குள், இரண்டாவது 600 வரை, மூன்றாவது 1500 வரை, நான்காவது அதற்கு மேல். ஆங்கிலத்துக்கு இந்தக் கணக்கு ஓரளவு சரி. தமிழில் சொற்களை எண்ணி ஒரு கதையின் கடினத்தை அளக்க முடியாது. ‘சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது’ என்பது கணக்கில் ஒரே சொல்தான். எழுத்துக்கூட்டி வாசிக்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கு அது பதினான்கு எழுத்து. கடைசி எழுத்துக்கு வரும்போது முதல் எழுத்து மறந்துவிடும். ஆங்கிலத்திலிருந்தோ ஹிந்தியிலிருந்தோ மொழிபெயர்த்த கதைகள் பெரும்பாலும் மூலக்கதையின் படிநிலையோடுதான் வருகின்றன. அதனால் முதலாம் படியில் உள்ள தமிழ்க் கதை இன்னொரு மொழியின் முதலாம் படிக் கதையைவிடக் கடினமாக இருப்பது சாதாரணம்.

எண்ணைப் பார்ப்பதைவிட மூன்றாம் பக்கத்தைத் திறந்து பாருங்கள். எட்டு எழுத்துக்கு மேற்பட்ட சொல் ஒரு பக்கத்தில் மூன்றுக்கு மேல் இருந்தால் தரம் 1 பிள்ளை தனியாக வாசிக்க அது சரிவராது. பெரியவர் வாசித்துக் காட்டும் கதையாக வைத்துக்கொள்ளலாம். ஜ, ஷ, ஸ, ஹ எழுத்துகள் அடிக்கடி வந்தாலும் அப்படித்தான். அடுத்தது, ‘கொடுக்கப்பட்டது’, ‘பார்க்கப்பட்டது’ போன்ற வினைகள் வருகின்றனவா என்று பாருங்கள். பிள்ளைகளோடு யாரும் அப்படிப் பேசுவதில்லை. இரண்டு பக்கத்தில் இரண்டு முறை வந்தால் மொழிபெயர்ப்பு இறுகிப்போயிருக்கிறது என்று அர்த்தம், அடுத்த கதைக்குப் போகலாம். தளத்தில் யாரும் மொழிபெயர்த்து ஏற்றலாம் என்பதால் ர-ற, ன-ண பிழைகளோடும் ஒற்று விடுபட்டும் சில கதைகள் இருக்கின்றன. பதிப்பாளர் என்ற இடத்தில் பிரதம் புக்ஸ் பெயர் இருக்கும் கதைகளை முதலில் எடுத்தால் இந்தத் தொல்லை குறையும். அறிவியலைக் கதையாகச் சொல்லும் புத்தகங்கள்தான் இந்தத் தளத்தின் பெரிய பலம். சொல்லே இல்லாத படக்கதைகளையும் விட்டுவிடாதீர்கள். இங்கிலிஷ் மீடியத்தில் படித்துத் தமிழ் வாசிக்கக் கூச்சப்படும் பிள்ளைக்கு, படத்தைப் பார்த்துத் தமிழில் கதை சொல்வது நல்ல தொடக்கம்.

அடுத்த சிக்கல் சொல். கதைகளில் வருவது தமிழ்நாட்டுத் தமிழ். வத்தகப்பழம் அங்கே தர்பூசணி, பப்பாசி பப்பாளி, கொப்பி நோட்டு. உறவுமுறையில் இன்னும் சிக்கல். யாழ்ப்பாணத்து வேர் உள்ள வீட்டில் அம்மப்பா, அப்பம்மா என்று வளரும் பிள்ளைக்குத் தாத்தாவும் பாட்டியும் கதைக்குள் மட்டும் இருக்கும் ஆட்கள். மலையகத்திலிருந்து வந்த குடும்பங்களுக்கு அதே சொற்கள் வீட்டுச் சொற்கள். முஸ்லிம் வீட்டில் அம்மாவின் அம்மா உம்மம்மா. இதற்காகக் கதையை ஒதுக்க வேண்டியதில்லை. முதல் முறை அச்சில் உள்ளபடியே வாசியுங்கள். இரண்டாம் முறை படத்தைக் காட்டி ‘நாங்கள் இதை என்னவென்று சொல்லுவோம்?’ என்று கேட்டு, பிள்ளையின் கையாலேயே அந்தச் சொல்லுக்குக் கீழே பென்சிலால் வீட்டுச் சொல்லை எழுதச் சொல்லுங்கள். அச்சுச் சொல்லை வெட்ட வேண்டாம், இரண்டும் தெரிந்திருப்பது பிள்ளைக்கு இலாபம். கதைகள் கிரியேட்டிவ் காமன்ஸ் பை (CC BY) 4.0 என்ற திறந்த உரிமத்தில் இருப்பதால், எழுதியவர், படம் வரைந்தவர் பெயர்களையும் உரிமத்தையும் குறிப்பிட்டு, செய்த மாற்றத்தையும் சொல்லிவிட்டால், இலங்கைத் தமிழில் மாற்றி எழுதி வெளியிடவும் தடையில்லை.

போனில் வாசிப்பது பயணத்துக்குச் சரி. ஊருக்குப் போகுமுன் வீட்டு வைஃபையில் குறைந்த தெளிவுள்ள பிடிஎஃப்பை இறக்கி வைத்தால் ரயிலில் டேட்டா வேண்டாம். ஈபப் என்ற மின்னூல் கோப்பைத் தவிர்ப்பது நல்லது. தமிழைச் சரியாகக் காட்டத் தெரியாத வாசிப்புச் செயலிகளில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். பிடிஎஃப்பில் எழுத்துரு உள்ளேயே இருப்பதால் அந்தப் பிரச்சினை வராது.

இருந்தாலும் அச்சிட்ட புத்தகம்தான் அக்காவிடமிருந்து தம்பிக்குக் கை மாறும். அதற்குத் தெளிவு கூடிய பிடிஎஃப்பை எடுங்கள். கடைக்கு வட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் டொக்கியுமென்டாக அனுப்ப வேண்டும். ஸ்கிரீன்ஷொட் எடுத்துப் படமாக அனுப்பினால் வட்ஸ்அப் அதைச் சுருக்கி, எழுத்தின் ஓரம் மங்கிவிடும். நிமிர்ந்த பக்கமுள்ள 16 பக்கப் புத்தகத்தை, ஏ4 தாளின் ஒரு புறத்தில் இரண்டு பக்கமாக இரு புறமும் அச்சிட்டு நடுவே மடித்தால் நான்கு தாள். கலர் பிரிண்ட் விலை தாளின் ஒரு புறத்துக்கா முழுத் தாளுக்கா என்று முதலிலேயே கேளுங்கள், ஏனென்றால் நான்கு தாளின் இரு புறமும் சேர்ந்தால் எட்டுப் புறத்துக்கான காசு. கணினியில் அக்ரோபேட் ரீடரைத் திறந்து ‘புக்லெட்’ தெரிவில், இரு புறமும், குறுகிய ஓரத்தில் புரளும்படி அச்சிட வேண்டும். நீண்ட ஓரத்தில் புரட்டினால் பின்பக்கம் தலைகீழாக வரும். பிரிண்ட் கடைகளில் அதிகம் நடக்கும் தவறு இதுதான், ஒரு தாளை மட்டும் முதலில் எடுத்துப் பார்த்துவிட்டு மிச்சத்தை அடிக்கச் சொல்லுங்கள்.

பக்க எண்ணிக்கை நான்கால் வகுபடாவிட்டால் மென்பொருள் கடைசியில் வெற்றுப் பக்கம் சேர்க்கும். அப்போது பின்னட்டை உள்ளே போய், வெளியில் வெள்ளைத் தாள் நிற்கும். அதைத் தவிர்க்க வெற்றுப் பக்கத்தைப் பின்னட்டைக்கு முன்னால் நீங்களே செருகுங்கள். கடைசியில் உள்ள பெயர், உரிமப் பக்கங்களை மிச்சம் பிடிக்க வெட்டிவிடாதீர்கள், உரிமத்தின் நிபந்தனையே அவைதான். தாள் 80 ஜிஎஸ்எம் (தாளின் எடையைச் சொல்லும் அளவு) என்றால் பின்பக்கத்து நிறம் முன்னால் தெரியும், 100 எடுங்கள். வெளித்தாளை மட்டும் 160இல் தனியாக அடித்தால் அட்டை போல நிற்கும்.

படுக்கைப் பக்கமுள்ள கதைகளுக்கு புக்லெட் சரிவராது, படம் பாதியாகச் சுருங்கிவிடும். அவற்றை ஒரு தாளில் மேலும் கீழுமாக இரண்டு பக்கம் அச்சிட்டு, நடுவில் வெட்டி, இடப்பக்கம் கட்டிக்கொள்ளலாம்.

சாதாரண ஸ்டேப்ளர் ஏ4 தாளின் நடு மடிப்புக்கு, அதாவது ஓரத்திலிருந்து 15 செ.மீ. உள்ளே, எட்டாது. எட்டினாலும் கடற்கரைப் பக்க வீடுகளில் உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்துத் தாளில் கறை விழும். நூலால் தைப்பது மேல். மடிப்பில் நடுவே ஒரு துளை, அதிலிருந்து மேலும் கீழும் 6 செ.மீ. தள்ளி ஒவ்வொன்று. அரை மீற்றர் நூல் போதும். ஊசி உட்பக்கமிருந்து நடுத்துளையால் வெளியே வந்து, மேல்துளையால் உள்ளே போய், கீழ்த்துளையால் வெளியே வந்து, மறுபடி நடுத்துளையால் உள்ளே வர வேண்டும். உள்ளே நீளமாக ஓடும் நூலின் இந்தப் பக்கம் ஒரு முனை, அந்தப் பக்கம் ஒரு முனை இருக்க முடிச்சுப் போட்டால் பக்கங்கள் அசையாது. எட்டு வயதுப் பிள்ளை பெரியவர் பக்கத்தில் இருக்கச் செய்துவிடும்.

இந்தத் தளத்தில் தேடினால் நம்முடைய ஊர் அதிகம் கிடைக்காது. கொழும்புக் கடற்கரையோர ரயிலும் வெசாக் பண்டிகையின் விளக்குக் கூடும் அங்கே அரிது. அந்த இடைவெளிக்கு இலங்கையில் தமிழிலும் சிங்களத்திலும் படக்கதைகள் வெளியிட்டிருக்கும் ரூம் டு ரீட் என்ற தொண்டு நிறுவனத்தின் புத்தகங்களைத் தேடலாம். ஈழத்துக் கவிஞர் நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் சிறுவர் பாடல்களும் வேண்டும். பழைய ஈழத்துச் சிறுவர் நூல்களுக்கு, 2005இல் தொடங்கிய நூலகம் என்ற மின்னூலகம் இருக்கிறது. அவை ஸ்கேன் செய்த பக்கங்கள், எழுத்துச் சிறிது, படமும் குறைவு. அதனால் அவற்றைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் போகாமல், இரவில் அம்மம்மாவோ அப்பப்பாவோ வாசித்துக் காட்டட்டும்.