பெட்டிக்கும் காசு, போனில் ஆளில்லை: பட்ஜெட்டா, முழுச்சேவையா, முன்பதிவுத் தளமா?

விமான டிக்கெட் தேடும்போது பெரும்பாலும் எல்லோரும் செய்வது ஒன்றுதான். விலை வாரியாக வரிசைப்படுத்துவோம், மேலே நிற்பதை எடுத்துவிடுவோம். நானும் பல வருடம் அப்படித்தான் பறந்தேன். இரண்டு மூன்று தடவை நன்றாகச் சூடுபட்ட பிறகு இப்போது பணம் கட்டும் முன் வேறொரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்: இந்தப் பயணம் சொதப்பினால் நான் யாரிடம் போய் நிற்பது? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பட்ஜெட் நிறுவனம், முழுச்சேவை நிறுவனம், இரண்டுக்கும் நடுவில் கடை போட்டிருக்கும் முன்பதிவுத் தளம் ஆகிய மூன்றையும் அலசுகிறேன். விலை வரிசையில் தெரிவதற்கும் இதற்கும் பெரிய சம்பந்தம் இருக்காது.

முதலில் எல்லோரும் திட்டும் கூடுதல் கட்டணம். பட்ஜெட் நிறுவனத்தின் கணக்கு எளிது. உங்களை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போக மட்டும்தான் அந்தக் காசு; பெட்டி, இருக்கைத் தேர்வு, முன்னால் ஏறுவது, தண்ணீர் எல்லாம் தனி. இதில் எனக்குக் கொள்கை அளவில் சண்டையே இல்லை. கையை வீசிக்கொண்டு போகிறவர் அடுத்தவரின் 30 கிலோ மூட்டைக்கு ஏன் பங்கு கொடுக்க வேண்டும்? கோளாறு விற்கும் விதத்தில்தான். டிக்கெட்டைத் தேர்ந்தெடுத்ததிலிருந்து பணம் கட்டும் பக்கம் வரை ஐந்தாறு தடவை மறிப்பார்கள், 'வேண்டாம்' என்ற பொத்தான் கண்ணுக்கே தெரியாத சாம்பல் நிறத்தில் மூலையில் கிடக்கும், குடும்பமாகப் போகிறவர்களிடம் 'இருக்கை தேர்ந்தெடுக்காவிட்டால் பிரிந்து உட்கார நேரலாம்' என்று மெல்லப் பயமுறுத்துவார்கள். அதையும் தாண்டிப் போனால் ஏறும் வாசலில் கைப்பெட்டியின் அளவு பார்க்க ஒரு இரும்புக் கூண்டு காத்திருக்கும்.

அந்தக் கூண்டில் என் பெட்டி ஒருமுறை மாட்டிக்கொண்டது. பெட்டியின் உயரம் சரி, அகலம் சரி, அடியில் இருந்த சக்கரம் மட்டும் விரல் அகலத்துக்கு வெளியே நின்றது. வாங்கும்போது கடையில் சொன்ன அளவு சக்கரத்தைச் சேர்க்காத அளவு என்பது அந்த நொடியில்தான் எனக்குப் புரிந்தது. வாசலில் கேட்ட தொகை நான் டிக்கெட்டுக்குக் கொடுத்ததைவிட அதிகம். பின்னால் வரிசை நிற்கிறது, கதவை மூடப் போகிறார்கள், அந்த இடத்தில் யார் பேரம் பேச முடியும்? கட்டினேன். இதே பெட்டிக்கு முன்பதிவின்போதே கட்டியிருந்தால் பாதிகூட ஆகியிருக்காது.

இது ஏதோ ஒரு ஊழியரின் கெடுபிடி என்றுதான் அப்போது நினைத்தேன். 2024 நவம்பரில் அமெரிக்க செனட்டின் துணைக்குழு ஒன்று வெளியிட்ட அறிக்கையைப் படித்தபோதுதான் வேறு மாதிரி யோசிக்கத் தோன்றியது. ஃப்ரான்டியர், ஸ்பிரிட் என்ற இரண்டு பட்ஜெட் நிறுவனங்களும் 2022, 2023 ஆண்டுகளில், விதிமீறிய பைகளைப் பிடிப்பதற்காக வாசல் ஊழியர்கள் உள்ளிட்டோருக்கு ஊக்கத்தொகையாக மட்டும் 2.6 கோடி டாலர் கொடுத்திருக்கின்றன. அதாவது கூண்டைத் தள்ளிக்கொண்டு வருகிறவருக்கு உங்கள் பெட்டியில் பங்கு உண்டு. அதே மாதம் ஸ்பெயின் அரசு, ரயன்ஏர், வுவேலிங், ஈஸிஜெட், நார்வீஜியன், வோலோடியா ஆகிய ஐந்து நிறுவனங்களுக்கும் சேர்த்து சுமார் 17.9 கோடி யூரோ அபராதம் விதித்தது. கைப்பெட்டிக்குத் தனிக் காசு வாங்கியது முக்கியமான குற்றச்சாட்டு. ஐரோப்பிய நீதிமன்றம் 2014லேயே, எடையும் அளவும் நியாயமாக இருக்கும்வரை கைப்பை என்பது பயணத்தோடு ஒட்டியது, அதற்குத் தனிக் கட்டணம் வாங்கக்கூடாது என்று சொல்லியாயிற்று. ஆனால் 'நியாயமான அளவு' என்ன என்று அது சொல்லவில்லை. அந்த ஓட்டைக்குள்தான் இத்தனை வருட வியாபாரமும் நடந்திருக்கிறது.

சரி, முழுச்சேவை நிறுவனத்துக்குப் போனால் இந்தத் தொல்லை இல்லையா? ஒரு காலத்தில் இல்லை. 2008இல் எண்ணெய் விலை ஏறியபோது அமெரிக்கன் ஏர்லைன்ஸ் முதல் பெட்டிக்கு 15 டாலர் என்று ஆரம்பித்தது, மற்ற பெரிய நிறுவனங்கள் பின்னாலேயே வந்தன, எண்ணெய் விலை இறங்கிய பிறகும் அந்தக் கட்டணம் மட்டும் இறங்கவில்லை. இரண்டு பெட்டி இலவசம் என்பதையே விளம்பரமாக வைத்திருந்த அமெரிக்க நிறுவனம் சவுத்வெஸ்ட்கூட 2025 மே மாதக் கடைசியில் அந்தப் பழக்கத்தைக் கைவிட்டது. 'பேசிக் எகானமி' என்று ஒரு மலிவு ரகம் இப்போது பல பெரிய நிறுவனங்களிடமும் இருக்கிறது. பெயர்தான் பெரிய நிறுவனத்துடையது, உள்ளே இருக்கும் நிபந்தனைகள் பட்ஜெட்காரர்களுடையவை. மேலே சொன்ன அதே செனட் அறிக்கை, 2018 முதல் 2023 வரை ஐந்து அமெரிக்க நிறுவனங்கள் இருக்கைக் கட்டணமாக மட்டும் 1,240 கோடி டாலர் வசூலித்ததாகச் சொல்கிறது. அந்த ஐந்தில் மூன்று, அமெரிக்கன், டெல்டா, யுனைடெட். பட்ஜெட்காரர்கள்தான் கறக்கிறார்கள் என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

முழுச்சேவையில் இன்னொரு வலையும் உண்டு, அது கட்டணப் பட்டியலில் வராது. போக வர சேர்த்து எடுத்த டிக்கெட்டில் போகிற விமானத்தைத் தவறவிட்டாலோ, 'ரயிலில் போய்க்கொள்கிறேன்' என்று விட்டுவிட்டாலோ, திரும்பி வரும் டிக்கெட்டையும் பெரும்பாலும் தானாகவே ரத்து செய்துவிடுவார்கள். நீங்கள் முழுப் பணம் கட்டியிருந்தாலும் அப்படித்தான். பட்ஜெட் நிறுவனங்களில் பெரும்பாலும் ஒவ்வொரு பறப்பும் தனித்தனி வியாபாரம்; போகாவிட்டால் அந்தக் காசு போகும், வருவது அப்படியே இருக்கும். இந்த ஒரு விஷயத்தில் மலிவுக்காரன் நேர்மையானவன்.

ஆகவே கட்டணத்தை மட்டும் பார்த்தால் என் கணக்கு இது: முதுகுப் பை ஒன்றோடு, எங்கே உட்கார்ந்தாலும் சரி என்று போகிறவருக்கு பட்ஜெட்தான், யோசிக்கவே வேண்டாம். பெரிய பெட்டி, பக்கத்துப் பக்கத்து இருக்கை, தேதி மாறலாம் என்ற சந்தேகம் எல்லாம் இருந்தால் அவற்றையும் கூட்டி எழுதிப் பாருங்கள், பல நேரம் வித்தியாசமே காணாமல் போய்விடும்.

இப்போது முக்கியமான கட்டம். விமானம் ரத்து, அல்லது ஏழு மணி நேரத் தாமதம். இங்கே பெயர்ப் பலகையைப் பார்த்து நம்பக்கூடாது. ஃப்ரான்டியர் 2022 நவம்பரில் வாடிக்கையாளர் தொலைபேசிச் சேவையையே எடுத்துவிட்டது, அப்போது எல்லாம் அரட்டைப் பெட்டி வழியாகத்தான். அதைக் கேட்டுச் சிரித்தவர்களுக்கு ஏர் கனடா கதையைச் சொல்ல வேண்டும். அந்த நிறுவனத்தின் வலைத்தள சாட்பாட், உறவினர் இறப்புக்காகப் பறந்த ஒரு பயணிக்குக் கட்டணச் சலுகை பற்றித் தவறான தகவல் தந்தது. பயணி வழக்குப் போட்டபோது, சாட்பாட் தன் செயல்களுக்குத் தானே பொறுப்பு என்கிற ரீதியில் நிறுவனம் வாதாடியது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் அதை ஏற்காமல், தளத்தில் இருக்கும் எல்லாவற்றுக்கும் நிறுவனமே பொறுப்பு என்று பணம் கொடுக்கச் சொன்னது. இப்படி வாதாடலாம் என்று ஒரு அறையில் உட்கார்ந்து யாரோ யோசித்திருக்கிறார்களே, அதுதான் எனக்கு ஆச்சரியம். பயணிகளிடம் நல்ல பெயர் வாங்கியிருந்த சவுத்வெஸ்ட்டின் பணியாளர் ஒதுக்கீட்டு முறை 2022 டிசம்பர் பனிப்புயலில் குலைந்துபோய் 16,000க்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின; மறு வருடம் 14 கோடி டாலர் தண்டம். அன்பான ஊழியர்கள் இருந்தும், அழைப்பை எடுக்க முடியாவிட்டால் பயணிக்கு என்ன லாபம்?

பிறகு இரண்டுக்கும் வித்தியாசமே இல்லையா என்றால், இருக்கிறது. புன்னகையில் இல்லை, வலைப்பின்னலில் இருக்கிறது. முழுச்சேவை நிறுவனத்துக்குக் கூட்டாளி நிறுவனங்கள் உண்டு. அவர்கள் விமானம் போகாவிட்டால் இன்னொருவர் விமானத்தில் உங்களை ஏற்றிவிட அவர்களுக்கு வழி இருக்கிறது. ஒரே டிக்கெட்டில் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டால் அடுத்ததில் இடம் பிடித்துத் தருவது அவர்கள் வேலை. பட்ஜெட் நிறுவனம் பெரும்பாலும் ஓரிடத்திலிருந்து ஓரிடம், அவ்வளவுதான். வாரத்தில் மூன்று நாள் மட்டும் பறக்கும் தடத்தில் அது ரத்தானால் 'பணத்தைத் திருப்பித் தருகிறோம், இல்லை மூன்றாம் நாள் வாருங்கள்' என்பார்கள். பணம் திரும்பி வருவது நியாயம்போலத் தெரியும், ஆனால் அன்றைக்கு அதே இடத்துக்கு வேறு டிக்கெட் என்ன விலை என்று பார்த்தால் தலை சுற்றும்.

சட்டம் மட்டும் இரண்டு பேரையும் ஒரே தராசில் நிறுத்துகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு 261ஆம் எண் விதிப்படி, தூரத்தைப் பொறுத்து 250, 400, 600 யூரோ இழப்பீடு. நீங்கள் டிக்கெட்டுக்கு 20 யூரோ கொடுத்தீர்களா 900 கொடுத்தீர்களா என்பதை அது கேட்பதில்லை. மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகப் போய்ச் சேர்ந்தாலும் இதைக் கேட்கலாம் என்று நீதிமன்றம் 2009இல் சொன்னது. புயல், எரிமலை என்றால் இழப்பீடு கிடையாது; ஆனால் சாப்பாடும் தங்குமிடமும் அப்போதும் கொடுத்தாக வேண்டும், 2010இல் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் வானம் மூடியபோது சிக்கிய பயணி ஒருவரின் வழக்கில் ரயன்ஏருக்கு எதிராக 2013இல் வந்த தீர்ப்பு அதுதான். பெட்டி தொலைந்தால், சேதமானால் சர்வதேச விமானப் பயணங்களுக்கான மான்ட்ரியல் உடன்படிக்கை, அதுவும் பட்ஜெட், முழுச்சேவை என்று பார்ப்பதில்லை. 2024 டிசம்பர் முதல் இழப்பீட்டின் உச்சவரம்பு 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு). சேதத்துக்கு 7 நாளுக்குள், தாமதமாக வந்த பெட்டிக்கு அது கைக்கு வந்த 21 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். பெட்டி வரவில்லை என்றால் வருகைக் கூடத்தை விட்டு வெளியேறும் முன் கவுண்டரில் பி.ஐ.ஆர். என்ற, பெட்டி வராததைப் பதிவு செய்யும் அறிக்கையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், களைப்பில் 'நாளைக்குப் போன் பண்ணிக்கலாம்' என்று கிளம்பிப் போனவர்கள் படும் பாட்டை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது ஆளுக்கு வருவோம், என் கோபம் முழுவதும் இவர் மேல்தான். ஒருமுறை நேரடி விலையைவிடக் கொஞ்சம் குறைவு என்று ஒரு முன்பதிவுத் தளத்தில் டிக்கெட் எடுத்தேன். புறப்படும் நேரத்தை நிறுவனம் முன்னுக்கு நகர்த்தியது, என் இணைப்பு அறுந்தது. எனக்கு ஒரு மின்னஞ்சல்கூட வரவில்லை. தற்செயலாக நிறுவனத்தின் தளத்தில் பார்த்ததால் தெரிந்தது. நிறுவனத்தைக் கூப்பிட்டேன், 'ஏஜென்டு போட்ட டிக்கெட், நாங்கள் தொட முடியாது' என்றார்கள். ஏஜென்டைக் கூப்பிட்டேன், 'விமான நிறுவனம் அனுமதி தரவில்லை' என்றார்கள். நான்கு நாள் இந்தப் பந்தாட்டம். கடைசியில் மாற்றித் தந்தார்கள், தங்கள் 'சேவைக் கட்டணத்தை' எடுத்துக்கொண்டு. நேரத்தை மாற்றியது நானா?

இது ஏன் இப்படி நடக்கிறது என்று பிறகு தோண்டிப் பார்த்தேன். டிக்கெட்டை யார் போட்டார்களோ அவர்கள் கையில்தான் அதன் சாவி. பல தளங்கள் நிறுவனத்துக்கு உங்கள் மின்னஞ்சலுக்குப் பதிலாகத் தங்கள் முகவரியைக் கொடுத்துவிடுகின்றன, அதனால் நேர மாற்ற அறிவிப்பு அவர்கள் பெட்டியில் போய் உறங்குகிறது. பணமும் அவர்களுடைய அட்டையிலிருந்து போனால், ரீஃபண்டு அவர்களிடமே திரும்பும், அங்கிருந்து உங்களிடம் எப்போது வரும் என்பது அவர்கள் மனம். அமெரிக்காவில், புறப்பட ஏழு நாளாவது இருந்தால் 24 மணி நேரத்துக்குள் இலவசமாக ரத்து செய்துகொள்ள விமான நிறுவனங்கள் வழி விட வேண்டும், இல்லாவிட்டால் அவ்வளவு நேரம் பணம் வாங்காமல் இடத்தைப் பிடித்து வைக்க வேண்டும். ஆனால் அந்த விதி நேரடியாக வாங்கியவர்களுக்கு மட்டும்தான், ஏஜென்டைக் கட்டுப்படுத்தாது. இதையெல்லாம்விட மோசம், சம்பந்தமே இல்லாத இரண்டு பட்ஜெட் டிக்கெட்டுகளை ஒட்டி ஒரே பயணம்போல விற்பது. 'செல்ஃப் டிரான்ஸ்ஃபர்' என்று சின்ன எழுத்தில் இருக்கும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான்.

எனவே நான் இப்போது தேடுவதற்கு மட்டும் அந்தத் தளங்களைப் பயன்படுத்துகிறேன், வாங்குவது நிறுவனத்தின் சொந்தத் தளத்தில், சில நூறு கூடுதலாக ஆனாலும். இடையில் இறங்காத குறுகிய பயணம் என்றால் பட்ஜெட், அதுவும் காலையின் முதல் விமானம், ஏனென்றால் ஒரே விமானம் நாள் முழுக்கப் பல நடை போகும்போது தாமதமும் சேர்ந்துகொண்டே போகும். இணைப்பு இருந்தால் முழுச்சேவை, ஒரே டிக்கெட்டில். கிரெடிட் கார்டில்தான் பணம், தகராறு வந்தால் வங்கியிடம் முறையிட ஒரு வழியாவது இருக்கும். சொன்ன வார்த்தைக்கு ஆதாரம் வேண்டும் என்பதால் போனைவிட அரட்டைப் பெட்டிதான் எனக்குப் பிடிக்கிறது, ஒவ்வொரு பதிலையும் படம் பிடித்து வைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பெட்டி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. சக்கரங்களைக் கழற்றிவிட்டேன். இப்போது கூண்டுக்குள் அழகாகப் போய் உட்காருகிறது, ஆனால் இழுக்க முடியாது, வாசல் வரை தோளில் தூக்கிக்கொண்டுதான் நடக்கிறேன்.