அலைப் பலகையா, பாய்ச்சல் மேடையா: நாயைக் கேட்டால் என்ன சொல்லும்?

கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு அலைமேல் சறுக்கி வரும் நாயின் வீடியோ உங்கள் போனுக்கும் ஒருநாள் வந்திருக்கும். அடுத்த தடவை வந்தால் கண்ணாடியை விட்டுவிட்டு வாலைப் பாருங்கள். வால் தளர்ந்து ஆடுகிறதா, இரண்டு காலுக்கு நடுவே போய்விட்டதா? காது பின்னால் ஒட்டிக் கிடக்கிறதா? கண்ணோரத்தில் வெள்ளை தெரிகிறதா? தூக்கமே வராத நேரத்தில் கொட்டாவியும், தின்பதற்கு எதுவும் இல்லாதபோது உதட்டை நக்குவதும் பயத்தின் அடையாளங்கள். நமக்குச் சிரிப்பு வருகிற வீடியோக்களில் பாதியில் இவற்றில் ஏதோ ஒன்றை நான் பார்த்திருக்கிறேன்.

நாய்களுக்கான சர்ஃபிங்கின் தலைநகரம் கலிபோர்னியாதான். ஹண்டிங்டன் பீச்சில் 2009இல் ஒரு போட்டி தொடங்கியது. 2016இல் பசிஃபிகா நகரத்து லிண்டா மார் கடற்கரையில் உலகச் சாம்பியன்ஷிப் என்ற பெயரிலேயே ஒன்று வந்துவிட்டது. அபி கேர்ள் என்ற கெல்பி இன நாய் 2011இல் சான் டியாகோவில் ஒரே அலையில் 107.2 மீட்டர் சறுக்கி கின்னஸில் இடம்பிடித்தது. பலகை ஸ்பாஞ்சு மாதிரி மெத்தென்ற ரகம், நகம் பதியும். உடம்பில் லைஃப் ஜாக்கெட், அதன் முதுகில் பெட்டிக்கு இருப்பதுபோல ஒரு பிடி. நாய் கவிழ்ந்தால் அந்தப் பிடியைப் பற்றித்தான் தூக்குவார்கள். பெரும்பாலும் இடுப்பளவுத் தண்ணீர், பக்கத்திலேயே ஆள். இப்படிச் செய்தால் வெளியில் இருந்து பார்க்கிறவர்கள் நினைக்கிற அளவுக்கு இது ஆபத்தான விளையாட்டு இல்லை.

எனக்கு உறுத்துவது வேறு. அலை வருவதைப் பார்த்துப் பலகையைத் தள்ளுவது மனிதர். எந்த அலையில் போகலாம், எத்தனை தடவை போகலாம் என்பதில் நாய்க்குப் பேச்சே கிடையாது. விதிவிலக்குகளும் உண்டு. சான் டியாகோவில் ரிக்கோஷே என்றொரு கோல்டன் ரெட்ரீவர் இருந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவ வளர்த்த நாய். பறவையைக் கண்டால் துரத்தும் குணத்தால் அந்த வேலைக்கு ஆகாமல் போனது. 2009இல் கை கால் இயங்காத ஒரு சிறுவனும் அதுவும் தனித்தனிப் பலகையில் போனபோது, அது தன் பலகையை விட்டுவிட்டு அவன் பலகையில் தாவி ஏறிக்கொண்டது. ஏறு என்று யாரும் சொல்லவில்லை. அப்படித் தானாக ஏறுகிற நாய்க்கு சர்ஃபிங் பிடித்திருக்கிறது என்று தாராளமாகச் சொல்லலாம்.

இன்னொரு பக்கம் டாக் டைவிங். (தமிழில் எழுதினால் நாயும் படகுத்துறையும் ஒரே ‘டாக்’ ஆகிவிடுகின்றன, இது படகுத்துறை டாக்.) தண்ணீருக்கு மேல் 2 அடி உயரத்தில் 40 அடி நீள மேடை. உரிமையாளர் பொம்மையை வீச, நாய் ஓடிவந்து பாயும். வால் தொடங்கும் இடம் தண்ணீரைத் தொடும் புள்ளிவரை தூரத்தை அளப்பார்கள். 2019இல் சவுண்டர்ஸ் என்ற விப்பெட் 36 அடி 2 அங்குலம் பாய்ந்தது. விப்பெட் நம் சிப்பிப்பாறை மாதிரி ஒல்லியான வேட்டை நாய் என்பதை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை.

இந்த விளையாட்டில் முடிவு நாயின் கையில். பிடிக்கவில்லை என்றால் மேடை விளிம்பில் நின்று குரைக்கும். அவ்வளவுதான், தள்ளிவிட முடியாது, தள்ளிவிடவும் கூடாது. நாய் ரசிக்கிறதா என்ற கேள்விக்கு டாக் டைவிங்தான் நேர்மையான பதில் தருகிறது.

ஆனால் அங்கேதான் ஒரு சிக்கல். பயந்த நாய் தானே நின்றுவிடும். ரசிக்கிற நாய் நிற்காது. வாயைத் திறந்துகொண்டு பந்தைக் கவ்வக் கவ்வ ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நன்னீர் வயிற்றுக்குள் போகும். அளவு மீறினால் ரத்தத்தில் சோடியம் இறங்கி மூளை வீங்கும். வயிறு உப்பி, வாந்தி எடுத்து, குடித்தவன் மாதிரித் தள்ளாடும். சில மணி நேரத்தில் உயிரே போகலாம். தள்ளாட்டத்தைக் களைப்பு என்று நினைத்து உறங்கவிட்டவர்கள் உண்டு. உடனே மருத்துவரிடம் ஓட வேண்டிய நேரம் அது. உருண்டைப் பந்துக்குப் பதில் தட்டையான பொம்மை, நடுநடுவே கட்டாய ஓய்வு, இரண்டும் உதவும். கடலில் கதை தலைகீழ்: உப்பு நீரைக் குடித்தால் வாந்தி, பேதி, இன்னும் மோசமாகவும் போகலாம். கரையில் குடிநீர்க் கிண்ணம் இல்லாமல் நாயைக் கடலில் இறக்காதீர்கள்.

பேடல் போர்டு, அதாவது மனிதர் நின்றபடி துடுப்பு போட்டு ஓட்டும் பலகை, அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நாய் அதில் வெறும் பயணி. வெயிலில் பலகை சுடும், இறங்க இடமும் இல்லை. பலகையோடு நாயைக் கயிற்றால் கட்டிவைப்பது மட்டும் பெரிய தப்பு, கவிழ்ந்தால் சிக்கிக்கொள்ளும்.

எந்த நாய் என்பதும் முக்கியம். பசிஃபிகாவில் கிட்ஜெட் என்ற பக் சர்ஃபிங்கில் பெயர் வாங்கியது உண்மைதான். ஆனால் பக், ஃப்ரெஞ்சு புல்டாக் போன்ற மூக்கு சப்பை நாய்கள் மூச்சுக்காகத் தலையை மிக உயர்த்த வேண்டும். அப்போது பின்பக்கம் அமிழும். ஜாக்கெட் இல்லாமல் அவற்றை நீந்தவிடுவது சூதாட்டம். சிப்பிப்பாறை போன்ற கொழுப்பில்லாத உடம்புக்குக் குளிரும் சீக்கிரம் ஏறும். லேப்ரடாருக்கு நீச்சல் ரத்தத்தில் ஊறியது. ஆனால் குளிர்ந்த நீரில் அளவுக்கு மீறி நீந்தினால் மறுநாள் வால் தொங்கிப்போய் வலியில் முனகும். சில நாளில் சரியாகிவிடும்.

நான் தேர்ந்தெடுப்பது டாக் டைவிங். அதுவும் மேடை, போட்டி எதுவுமில்லாத நாட்டு வடிவத்தில்: எங்கள் ஊர்க் கண்மாயின் படிக்கட்டு. பாசி பச்சையாக மிதக்கும் நாளில் போவதில்லை. எலிக்காய்ச்சல் தடுப்பூசி வருஷம் தவறாமல் போட்டாகிறது. எங்கள் லேப்ரடார் மூன்றாம் படியிலிருந்து பாயும். பத்து நிமிஷம் ஆனதும் நான் தட்டைப் பொம்மையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்வேன். அது நனைந்த உடம்போடு என்னைச் சுற்றிச் சுற்றி வந்து, பொம்மை எந்தக் கையில் இருக்கிறதென்று மோந்து பார்க்கும். தங்கை வீட்டு பக் மேல்படியிலேயே உட்கார்ந்திருக்கும். கூப்பிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதை நாங்கள் தண்ணீருக்குக் கூட்டிப் போவதை விட்டுவிட்டோம்.