லண்டனில் குத்தகை உரிமை ஃப்ளாட்: 2018 முதல் இன்றுவரை கட்டிய சட்டச் செலவுகள்

2018 செப்டம்பரில், வடமேற்கு லண்டனின் ஹாரோ பகுதியில் இரண்டு படுக்கையறை கொண்ட ஒரு ஃப்ளாட்டை நானும் என் மனைவியும் 3,10,000 பவுண்டுக்கு வாங்கினோம். அது லீஸ்ஹோல்ட் வீடு. கட்டடமும் நிலமும் ஃப்ரீஹோல்டர் எனப்படும் நில உரிமையாளருக்குச் சொந்தம்; குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு அங்கே குடியிருக்கும் உரிமை மட்டுமே நம்முடையது. ஊரில் மனை வாங்கிய பழக்கத்தில், முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும்தான் பெருஞ்செலவு என்றும், வக்கீல் கட்டணம் அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வரும் சிறு தொகை என்றும் எண்ணியிருந்தேன். எங்கள் கணக்கில் அது தலைகீழாக முடிந்தது. முதல் வீடு வாங்குவோருக்கு அப்போது 3,00,000 பவுண்டு வரை தீர்வை இல்லை; மிஞ்சிய 10,000 பவுண்டுக்கு 5 சதவீதமாக 500 பவுண்டு கட்டினோம். நிலப் பதிவகத்துக்கு 135 பவுண்டு. மற்ற சட்டச் செலவுகள் இவ்விரண்டின் கூட்டுத்தொகையைப் போல மூன்று மடங்குக்கும் மேல் சென்றன.

வீடு வாங்கும் சட்ட வேலைகளைப் பார்க்கும் வக்கீலான சொலிசிட்டரின் அலுவலகம் தொலைபேசியில் சொன்ன கட்டணம் 795 பவுண்டு. எழுத்தில் வந்தபோது, லீஸ்ஹோல்ட் என்பதற்காகக் கூடுதலாக 250, முத்திரைத் தீர்வைப் படிவம் நிரப்ப 75, வங்கியில் பணம் அனுப்ப 30 என்று வரிசை நீண்டது. முன்பணத்தில் ஒரு பகுதியை என் தந்தை ஊரிலிருந்து அனுப்பியதால், அது கடனன்று, அன்பளிப்பே என்று உறுதிசெய்து பணம் வந்த வழியைச் சரிபார்க்க இன்னும் 60. இவை அனைத்தின்மீதும் 20 சதவீத வாட் வரி சேர்ந்து 1,452 பவுண்டு ஆயிற்று. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. நான் கேட்காததை அவர்கள் சொல்லவில்லை, அவ்வளவே. நம் ஊரில் வில்லங்கம் பார்ப்பதற்கு இணையாக, உள்ளாட்சி மன்றம், குடிநீர் வடிகால், சுற்றுச்சூழல் ஆகியவற்றைப் பற்றிய தேடல்களுக்கு 320 பவுண்டு தனியாகப் போயிற்று.

என்னை உண்மையில் திணறவைத்தவை, எங்கள் சொலிசிட்டரின் கையில் இல்லாத கட்டணங்கள். வீடு கைமாறியதை ஃப்ரீஹோல்டருக்கு அறிவிக்க 90 பவுண்டு. வீட்டின்மீது வங்கிக் கடன் இருப்பதை அறிவிக்க மற்றொரு 90. குத்தகை நிபந்தனைகளுக்குக் கட்டுப்படுவதாக எழுதிக்கொடுக்கும் பத்திரத்துக்கு 150. அந்தக் கடமைகளையெல்லாம் நிறைவேற்றிவிட்டோம் என்று அவர்கள் தரும் சான்றிதழுக்கு 120. அந்தச் சான்றிதழ் இல்லாமல் பெயர் மாற்றத்தைப் பதியக் கூடாது என்ற தடைக்குறிப்பு நிலப் பதிவேட்டிலேயே இருந்ததால், பேரம் பேச இடமே இல்லை. கட்டடத்தை நிர்வகிக்கும் ஏஜென்ட் தரவேண்டிய தகவல் தொகுப்புக்கான பணத்தை விற்பவர்தான் கட்டினார். ஆனால் அது வந்துசேர எடுத்துக்கொண்ட ஆறு வாரங்கள் எங்கள் கணக்கில் போயின.

ஒரு தொகையை மட்டும் நன்றியோடு நினைக்கிறேன். கட்டடப் பராமரிப்புச் செலவின் ஆண்டுக் கணக்கு முடியாமல் இருந்ததால், விற்பவருக்குச் சேரவேண்டிய பணத்திலிருந்து 600 பவுண்டைப் பிடித்துவைக்க எங்கள் சொலிசிட்டர் ஏற்பாடு செய்தார். பதினான்கு மாதங்கள் கழித்துக் கணக்கு வந்தபோது, விற்பவர் காலத்துப் பற்றாக்குறை 212 பவுண்டு என்று தெரிந்தது. அது அந்தப் பணத்திலிருந்தே தீர்க்கப்பட்டது. இல்லாவிட்டால் சர்வீஸ் சார்ஜ் எனப்படும் பராமரிப்புக் கட்டண ரசீதில் எங்கள் பெயருக்குத்தான் வந்திருக்கும்.

அடுத்த பெரிய செலவு, அதாவது குத்தகைக் காலத்தை நீட்டிக்கும் செலவு, வீடு வாங்கிய அன்றே தொடங்கிவிட்டது என்பதைப் பின்னரே உணர்ந்தேன். குத்தகை 2002 ஜூன் முதல் 99 ஆண்டுகள். நாங்கள் வாங்கியபோது 82 ஆண்டுகளும் சில மாதங்களும் மீதி இருந்தன. மீதம் 80க்குக் கீழே இறங்கினால், நீட்டிப்பால் வீட்டின் மதிப்பு கூடுவதில் ஒரு பங்கையும் ஃப்ரீஹோல்டருக்குத் தரவேண்டும் என்பது விதி. 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 ஆண்டுகள் கூடுதலாகக் கேட்கலாம், ஃப்ரீஹோல்டருக்குக் கட்டும் நிலவாடகையும் ஒழிந்துவிடும்; ஆனால் அப்போது, உரிமையாளராகப் பதிவாகி இரண்டு ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். விற்பவரே நீட்டிப்புக் கேட்கும் அறிவிப்பை ஃப்ரீஹோல்டருக்குக் கொடுத்து அந்த உரிமையை எங்களுக்கு மாற்றித்தரும் வழி ஒன்றும் இருந்தது. எங்கள் சொலிசிட்டர் கேட்டுப் பார்த்தார். வேறு வீட்டுக்கு மாறும் அவசரத்தில் இருந்த விற்பவர் மறுத்துவிட்டார்.

அந்த இரண்டு ஆண்டுகள் சாவி வாங்கிய நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை, பதிவு நாளிலிருந்தே எண்ணப்படுகின்றன. அந்த 120 பவுண்டுச் சான்றிதழ் தாமதமானதால் எங்கள் பதிவு விண்ணப்பமே நவம்பரில்தான் போயிற்று. ஆகவே 2020 நவம்பர் இறுதியில், கொரோனாக் கட்டுப்பாடுகளுக்கு நடுவே, அறிவிப்பை அனுப்பினோம். அறிவிப்பு நாளின் நிலவரப்படியே மதிப்பிடுவார்கள் என்பதால், பேச்சுவார்த்தை, மீதம் 80 ஆண்டுகளுக்குக் கீழே இறங்கும் 2021 ஜூனைத் தாண்டி இழுத்தபோதும் எங்களுக்குக் கேடில்லை. நீட்டிப்புத் தொகையாக 8,400 பவுண்டு கொடுத்தோம். அதற்குமேல் எங்கள் சொலிசிட்டருக்கும் மதிப்பீட்டாளருக்கும், சட்டப்படி ஃப்ரீஹோல்டரின் சொலிசிட்டருக்கும் மதிப்பீட்டாளருக்குமாக, ஏறக்குறைய 3,500 பவுண்டு. எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் நாமே கூலி கொடுப்பது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

2025 ஜனவரி 31 முதல் அந்த இரண்டு ஆண்டுக் காத்திருப்பு நீக்கப்பட்டுவிட்டது. சென்ற ஆண்டு இதே கட்டடத்தில் வீடு தேடிய நண்பர், தான் பார்த்த கீழ்த்தள வீட்டைவிட, மேல்தளத்தில் 77 ஆண்டுகள் மீதமுள்ள ஒரு ஃப்ளாட் 20,000 பவுண்டு மலிவாகக் கிடைக்கிறது என்றார். விலையைப் பேசும் முன், மதிப்பீட்டாளரிடம் நீட்டிப்புத் தொகையை எழுத்தில் வாங்கிவரச் சொன்னேன். வாங்கிவந்த பிறகு அவர் கீழ்த்தள வீட்டையே எடுத்துக்கொண்டார்.